தண்ணீர் எந்த மடையில் நிற்கிறது?
புதிய இயக்க அமைப்பில் டிரைவர் பழுது காணும் முறை

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் பள்ளியில் கணினிக்கென்று தனி ஆசிரியர் இல்லை. "கம்ப்யூட்டர்ல ஏதோ ஆயிப்போச்சு சார்" என்றால் எல்லோரும் என்னைத்தான் தேடுவார்கள். உங்கள் பள்ளியிலும் இப்படி ஒருவர் இருப்பார். இந்தக் கட்டுரை அவருக்காக.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடியும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். எங்கள் அலுவலக அறைக் கணினி பழையது. விண்டோஸ் 11 அதில் ஏறாது. எனவே உபுண்டு லினக்சுக்கு மாற நினைத்தேன். லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. நமது 11ஆம் வகுப்புக் கணினிப் பாடநூலிலும் உபுண்டு பற்றிய பகுதி உண்டு.

அது 2024 ஏப்ரல். உபுண்டு 24.04இன் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, அப்போதுதான் வந்திருந்தது. 4ஆம் தேதி வரவேண்டியது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் யாரோ கள்ளத்தனமாக வைத்த பின்வாசல் அதற்குச் சில நாள் முன்பு வெளிப்பட்டதால், எல்லா மென்பொருள் பொதிகளையும் மறுபடி உருவாக்கி 11ஆம் தேதி வெளியிட்டார்கள். முழுமையான பதிப்பு 25ஆம் தேதி வந்தது. அந்த இரண்டு வாரம் பொறுக்க எனக்கு மனமில்லை. பள்ளியில் ஒழுங்காக ஓடிய ஒரே கணினியில் பீட்டாவை நிறுவிவிட்டேன்.

மறுநாள் ஒரு மாணவியின் அம்மா வந்தார். நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். குடும்பத்தோடு திருப்பூர் போகிறார்களாம்; மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டும். கணினியில் வைஃபை என்ற சொல்லே காணவில்லை. எப்படியோ கைப்பேசி வழியாக எமிஸ் தளத்தைத் திறந்து சான்றிதழை எடுத்தேன். அச்சுக்குக் கொடுத்தேன். திரையில் "முடிந்தது" என்று வந்தது. பிரிண்டரிலிருந்து தாள் வரவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன், பிரிண்டரை நீக்கிச் சேர்த்தேன், கடைசியில் இயக்க அமைப்பையே மீண்டும் நிறுவினேன். மணி நான்காகிவிட்டது.

"நாளைக்கும் வரணுமா சார்?" என்று கேட்டார்.

"வாங்கம்மா" என்பதைத் தவிரச் சொல்ல எதுவுமில்லை. அன்று மாலை வண்டியை எடுத்துக்கொண்டு திருச்சுழிக்குப் போய், கடையில் அச்செடுத்து வந்தேன். சான்றிதழ் கிடைத்தது, அவருக்கு இரண்டு நாள் கூலி போனது.

அன்றிரவு யோசித்தபோது ஒன்று புரிந்தது. அன்று முழுவதும் நான் எதையாவது செய்துகொண்டே இருந்தேன். கேள்வி எதையும் கேட்கவில்லை. கண்மாயில் தண்ணீர் கிடந்தும் வயல் காய்கிறதென்றால் நம் ஊர் நீர்ப்பாய்ச்சி என்ன செய்வார்? கண்மாயை வெட்டிக் கட்ட மாட்டார். மடையிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து வந்து, தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். டிரைவர் என்பது இயக்க அமைப்புக்கும் வன்பொருளுக்கும் நடுவே நிற்கும் நீர்ப்பாய்ச்சிதான். பழுதையும் அதே வரிசையில்தான் தேட வேண்டும். அந்த வரிசையை நான்கு கேள்விகளாக வைத்துக்கொண்டேன்.

1. கணினிக்குச் சாதனம் கண்ணில் படுகிறதா?

டெர்மினலைத் திறந்து எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து எழுத்துகளைச் சிறிய எழுத்தில் சேர்த்துத் தட்டினால், யுஎஸ்பியில் செருகிய சாதனங்களின் பட்டியல் வரும். உள்ளே பொருத்திய வைஃபை அட்டை போன்றவற்றுக்கு எல், எஸ், பி, சி, ஐ. பட்டியலில் சாதனம் இல்லையென்றால் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். கேபிள், துளை, மின்சாரம் ஆகியவற்றைப் பாருங்கள். எங்கள் பிரிண்டர் பட்டியலில் இருந்தது. ஆக, நான் கேபிளோடு மல்லுக்கட்டியது வீண்.

2. டிரைவர் அமர்ந்திருக்கிறதா?

எல்எஸ்பிசிஐ கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, என், என், கே எழுத்துகள். இப்போது ஒவ்வொரு சாதனத்தின் கீழும் எந்த டிரைவர் பயன்பாட்டில் உள்ளது என்ற வரி வரும். எங்கள் வைஃபை அட்டைக்கு அந்த வரியே இல்லை. சில அட்டைகளின் டிரைவரை உரிமக் காரணங்களால் லினக்சோடு சேர்த்துத் தருவதில்லை. "கூடுதல் டிரைவர்கள்" என்ற சாளரத்தில் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டுமே? கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, டெதரிங்கை இயக்கினால் போதும். டிரைவரைத் தேடும்போது பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். பட்டியலில் நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, நான்கு இலக்கம் என்று ஓர் எண் இருக்கும். முதல் பாதி தயாரிப்பாளரையும் அடுத்த பாதி சாதனத்தையும் குறிக்கும். அதுவே சாதனத்தின் உண்மையான அடையாளம்.

3. ஃபர்ம்வேர் போய்ச் சேர்ந்ததா?

சில சாதனங்கள் தமக்குள் ஓட வேண்டிய சிறு நிரலைத் தாமே வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். சில லேசர் பிரிண்டர்களும் இப்படித்தான். விண்டோசில் டிரைவரே சத்தமில்லாமல் அனுப்பிவிடும். லினக்சில் அந்தக் கோப்பைத் தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டியிருக்கும். எங்கள் பிரிண்டரின் நோய் இதுதான். உள்ளே பொருத்திய சாதனங்களுக்கு எஸ், யு, டி, ஓ, இடைவெளி, டி, எம், இ, எஸ், ஜி என்று தட்டினால் கெர்னலின் குறிப்பேடு திறக்கும். எந்த ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கும்.

4. பழையதில் ஓடுகிறதா?

கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் முந்தைய கெர்னல் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் பழைய பதிப்பை பென்டிரைவிலிருந்து நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். பழையதில் ஓடி, புதியதில் ஓடவில்லை என்றால் பழுது பீட்டாவினுடையது. சாதன எண், கெர்னல் எண், குறிப்பேட்டு வரி மூன்றையும் சேர்த்து உருவாக்குபவர்களுக்குத் தெரிவிக்கலாம். பீட்டா வெளியிடுவதே அதற்காகத்தான். இரண்டிலும் ஓடவில்லை என்றால் பீட்டாவைப் பழிக்க வேண்டாம். எங்கள் பள்ளியில் இரண்டு பழுதுமே அப்படிப்பட்டவைதான். முழுமையான பதிப்புக்குக் காத்திருந்தாலும் அவை வந்திருக்கும். ஆனால் வேறொரு கணினியில் முதலில் சோதித்திருந்தால், அந்த அம்மா வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கும்.

இதை வகுப்பறைக்கும் கொண்டுபோனேன். ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை என்பது நாம் 6ஆம் வகுப்பிலிருந்தே ஆய்வுக்குச் சொல்லும் விதி. நானே அதை மீறி, மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினேன். இப்போது எங்கள் பள்ளியில் ஒரு "பழுது நோட்டு" இருக்கிறது. தேதி, என்ன நடந்தது, எதை மாற்றினோம், அதன்பின் என்ன நடந்தது என்று நான்கு பத்திகள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், எழுதிவிட்டுத்தான் அடுத்தது. கணினி இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். எரியாத டார்ச் விளக்கு ஒன்று போதும். மின்கலம், இணைப்பு, சுவிட்ச், பல்பு என்று வரிசையாகக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை எந்தக் கருவியின் முன்னும் கைபிசைந்து நிற்காது.

இன்னொரு விதியும் வைத்திருக்கிறோம். பிறர் தேவை காத்திருக்கும் கணினியில் சோதனைப் பதிப்பு ஏறக் கூடாது. அதற்கென்று மூலையில் கிடந்த ஒரு பழைய மடிக்கணினியை மாணவர்களிடம் கொடுத்திருக்கிறேன். நோட்டின் முதல் பதிவை மட்டும் நான் எழுதினேன்: "மாற்றுச் சான்றிதழ் ஒரு நாள் தாமதம். காரணம்: சோதிக்காமல் மாற்றியது." அதற்கடுத்த பக்கங்கள் எல்லாம் மாணவர்களின் கையெழுத்து.