சாக்கடையை விட்டுவிட்டுத் தொப்பையைப் பிடித்தாய்

அன்புள்ள மருமகனுக்கு,

தெரு வாட்ஸ்ஆப் குழுவில் கவுன்சிலரைப் பற்றி நீ போட்டதைப் படித்தேன். மழை விட்டும் சாக்கடைத் தண்ணீர் வாசலில் நிற்கிறது, கூப்பிட்டால் மனிதர் போனை எடுப்பதில்லை. உன் கோபத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எழுதியது முழுக்க அவர் தொப்பையைப் பற்றி. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சாக்கடை என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு இதைவிட வசதி வேறென்ன? ஒல்லியான கவுன்சிலராக இருந்தால் அடைப்பு தானாக எடுபட்டிருக்குமா, சொல்.

அந்தக் குழுவில் கவுன்சிலர் இல்லை. உன்னோடு டியூஷனுக்கு வருகிற, சின்ன வயதிலிருந்தே பட்டப்பெயரோடு வளர்ந்த பையன் இருக்கிறான். அவனும் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான். போடாவிட்டால் பேச்சு தன் பக்கம் திரும்பும் என்று அவனுக்குத் தெரியும். அவரைத் திட்ட நீ எடுத்த சொல் இவன் மேல்தான் விழுந்தது.

நம் சினிமா இதை எவ்வளவு காலமாக நகைச்சுவை என்று விற்றது! மெலிந்தவர் ஓமக்குச்சி நரசிம்மன், பருத்தவர் குண்டு கல்யாணம். எப்படி நடித்தார்கள் என்பதற்கு முன்னால் உடம்பு பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2025 நவம்பரில் ‘அதர்ஸ்’ படத்தை ஒட்டி என்ன நடந்தது? நாயகியைத் தூக்கும் காட்சியை வைத்து, அவர் எடை என்ன என்று நாயகனிடம் கேள்வி வந்திருந்தது. என் எடைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாயகி கௌரி கிஷன் சென்னையில் நேருக்கு நேர் கேட்டார். அப்போது பேசாமல் இருந்ததற்காக நாயகன் பிறகு வருத்தம் தெரிவித்தார். சிரிப்புப் பொம்மை போட்டவர்களுக்கும் இதைச் சொல்லேன்.

தின்று கொழுத்தவர் என்று எழுதியிருக்கிறாய். எதைக் கண்டாய்? 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். மூத்தவளுக்கு எட்டு வயது, எடை 86 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. உடம்பில் இருக்கும் கொழுப்பின் அளவை மூளைக்குத் தெரிவிக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், மரபணுக் கோளாறால் அவர்கள் இரத்தத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை. பிறகு அவளுக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது, எடை இறங்கியது. அதுவரை அந்தப் பிள்ளையை எத்தனை பேர் தீனிப்பண்டாரம் என்றிருப்பார்களோ!

இது மிக அரிய கோளாறு, எல்லோருக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, குடும்ப வாகு, தூக்கம் கெடுக்கும் வேலை என்று காரணம் எத்தனையோ. கவுன்சிலர் நன்றாகச் சாப்பிட்டே பருத்திருக்கலாம். இருக்கட்டுமே, அவர் சாப்பாடு அவர் பாடு. சாக்கடைக்கு ஒதுக்கிய பணத்தைச் சாப்பிட்டிருந்தால் அதற்குக் கணக்குக் கேள்.

எப்படிக் கேட்பது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவை எடு. தேங்கிய தண்ணீரைப் படம் எடுத்து, தேதி போட்டு, மாநகராட்சி அலுவலகத்தில் மனு கொடு. ரசீது வாங்காமல் வராதே. அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வா, மனுவைச் சேர்ந்தே எழுதலாம். அதற்கு முன்னால் அந்தப் பையன் வீட்டுக்கு ஒரு நடை போய்வா.

அன்புடன்,
அத்தை