நேர்ச்சையால் பிறந்த நாடகம்

தவக்காலம் வந்துவிட்டால் நம் பங்குகளில் பாஸ்கா நாடகப் பேச்சும் தொடங்கிவிடும். பிலாத்து யார், பேதுரு யார் என்று ஊர் கூடிப் பேசும். இதே பேச்சை ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளாகப் பேசிவரும் சிற்றூர் ஒன்று தென் ஜெர்மனியின் பவேரியாவில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஓபரம்மர்காவ் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 5,000 பேர் வாழும் அவ்வூர் மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்றது. அங்கே ஆண்டவருடைய திருப்பாடுகளை நடித்துக் காட்டுவது தொழில்முறைக் குழு அன்று. ஊரே நாடகக் குழு.

1633-ஆம் ஆண்டு. முப்பதாண்டுப் போரின் நடுவே கொள்ளைநோயும் பரவியது. நோய் புகாதிருக்க ஊரார் காவல் வைத்தனர். வெளியூரில் வேலை செய்த ஒருவர் காவலுக்குத் தெரியாமல் திருவிழாவுக்கு வீடு திரும்பினார் என்றும், நோயும் அவரோடு வந்தது என்றும் ஊர் வழிவழியாகச் சொல்கிறது. வீடுதோறும் சாவு. எஞ்சியவர்கள் நேர்ச்சை செய்தார்கள்: இத்துன்பம் நீங்கினால் பத்தாண்டுக்கு ஒருமுறை திருப்பாடுகளின் நாடகம் நடத்துவோம். அதன்பின் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை என்பது ஊர் மரபு. 1634-இல் முதல் நாடகம் நடந்த இடம் கல்லறைத் தோட்டம். தம்மவரைப் புதைத்த மண்ணின்மீதே மேடை போட்டார்கள்.

நேர்ச்சையைக் காப்பது எளிதாக இல்லை. மறைபொருளை மேடையேற்றலாகாது என்று அரசு 1770-இல் தடுத்தது. 1810-இலும் தடை வந்தது. ஊரார் விடவில்லை. அருகிலிருந்த எத்தால் மடத்துத் துறவி ஒத்மார் வைஸ் புதிதாக உரையாடல் எழுதித் தர, ஊர்ப் பள்ளி ஆசிரியர் ரோக்குஸ் டெட்லர் இசையமைக்க, 1811-இல் மீண்டும் நடித்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவருடைய இசை இன்றளவும் அந்நாடகத்தின் அடிப்படையாக நிற்பது நம்மைப் போன்றோர் மகிழவேண்டிய செய்தி!

ஒப்பனைத் தாடியும் பொய்முடியும் அங்கே கிடையாது. நாடகத்திற்கு முந்தைய ஆண்டின் திருநீற்றுப் புதனன்று, நடிப்பவர்கள் முடியும் தாடியும் வெட்டக்கூடாது என்ற அறிவிப்பு வெளியாகும். உரோமை வீரர்களுக்கு மட்டும் விலக்கு. அவ்வூரில் பிறந்தவரோ, இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவரோதான் நடிக்கலாம்.

ஆனால் ஊரே நடிக்கிறது என்ற பேச்சில் ஒரு குறை இருந்தது. மணமான பெண்களுக்கும் 35 வயதைக் கடந்த பெண்களுக்கும் மேடையில் இடமில்லை. ஆண்களுக்கு இத்தகைய வரம்பு எதுவும் இல்லை. இதனால், இயேசுவாக நடித்தவரைவிட அவருடைய தாயாக நடித்தவர் வயதில் இளையவராக இருந்ததுண்டு! பிலாத்துவுக்கும் யூதாசுக்கும் நாமே மீசை வரைந்துகொள்ளும் பள்ளியில் படிப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். நேர்ச்சை செய்த வீடுகளில் தாய்மாரும் இருந்தார்கள் அல்லவா? ஊர்ப் பெண்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 1990-இல் பவேரிய நிர்வாக உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே, இரு பிள்ளைகளுக்குத் தாயான ஒருவர் மரியன்னையாக மேடையேறினார்.

இன்னொரு குறை இதைவிடக் கொடியது. பழைய உரையாடல், கிறிஸ்துவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் குற்றவாளியாக்கியது. 1934-இல், நாடகத்தின் முந்நூறாம் ஆண்டு நிறைவின்போது, ஹிட்லர் அங்கு வந்து பார்த்தார். பின்னர் அவருடைய ஆட்சி யூத மக்களுக்கு இழைத்ததை வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அப்பழியை யூதர் அனைவர்மீதும் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தபிறகும் ஊரில் பலர் பழைய உரையாடலையே பற்றிக்கொண்டிருந்தனர். மரச்சிற்பம் பயின்ற, முப்பது வயது நிரம்பாத கிறிஸ்டியான் ஸ்டூக்கல் 1990-இல் முதன்முறை நாடகத்தை இயக்கினார். எதிர்ப்பு குறைவாக இல்லை. இருந்தும் அவர் சிறிது சிறிதாக உரையாடலைத் திருத்தினார். இரத்தப்பழி எங்கள்மேல் வரட்டும் என்னும் கூட்டத்தின் கூக்குரல் 2000-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இயேசுவும் அவருடைய தாயும் சீடர்களும் யூதர்களே என்பதைப் பார்ப்போர் உணரும்படி, எபிரேய மொழிச் செபமும் மேடையில் ஒலிக்கிறது.

2020-இல் தாடி வளர்ந்து ஒத்திகையும் நடந்துகொண்டிருக்கையில் கொரோனா வந்தது. கொள்ளைநோய்க்காகப் பிறந்த நாடகத்தை இன்னொரு கொள்ளைநோய் நிறுத்திவிட்டது. எல்லோரும் முடி வெட்டிக்கொண்டார்கள். 2021 திருநீற்றுப் புதனன்று மறுபடியும் வளர்க்கத் தொடங்கினார்கள். 2022 மே மாதம் நாடகம் தொடங்கியது. முதன்மை வேடங்களுக்கு இரண்டிரண்டு பேர் முறைவைத்து நடித்தனர். யூதாசாக நடித்த இருவரில் ஒருவர் அவ்வூரைச் சேர்ந்த இஸ்லாமிய இளைஞர். அடுத்த நாடகம் 2030-இல் நடைபெற வேண்டும்.