நுரையீரலில் சிறு முடிச்சு: கண்காணிப்பதா, அகற்றுவதா?

நுரையீரலில் 3 செ.மீ.க்கு மேற்படாமல், உருண்டையாகத் தெரியும் நிழலே முடிச்சு. வேறு எதற்கோ எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் இது பெரும்பாலும் அகப்படுகிறது. மிகச் சிறியவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ஆறிய காசநோயின் தடமாகவும் இருக்கலாம். நடுவில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ கொழுப்பு தெரிந்தாலோ கவலை குறைவு. ஓரம் முள்முள்ளாக நீட்டியிருந்தால், மேல் மடலில் இருந்தால், ஆள் புகைப்பவரானால் சந்தேகம் கூடும்.

திடமான ஒற்றை முடிச்சுக்கு, மார்புப் படவியல் நிபுணர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கம் 2017இல் வகுத்த அளவுகோல் உண்டு. 6 மி.மீ.க்குக் குறைவாக இருந்து ஆபத்துக் காரணிகளும் இல்லையென்றால் மறு ஸ்கேன் தேவையில்லை. 6 முதல் 8 மி.மீ. என்றால் 6–12 மாதத்தில் ஒரு சி.டி.; அதற்கு மேல் போனால் 3 மாதத்தில் சி.டி., அல்லது பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் திசு ஒளிரும் ஸ்கேன்), அல்லது பயாப்சி (திசுப் பரிசோதனை). 35 வயதுக்குக் குறைந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பனிமூட்டம்போல் மங்கலாகத் தெரிபவை மெதுவாக வளரும், 6 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ளவற்றை 5 ஆண்டுவரை கண்காணிக்க வேண்டும்.

பெட் ஸ்கேனை முழுக்க நம்பிவிட முடியாது. 8 மி.மீ.க்குக் கீழே அது தடுமாறும். காசநோய் முடிச்சும் அதில் புற்றுநோய்போலவே ஒளிரும் என்பதால், காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில் ஒளிர்வதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. ஊசி பயாப்சி திசுவையே எடுத்துத் தருகிறது. ஆனால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து, சிலருக்கு மார்பில் குழாய் வைக்க நேரும். 'புற்றணு இல்லை' என்ற முடிவு வந்தாலும், ஊசி முடிச்சுக்குள் சரியாகப் போனதா என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

சந்தேகம் வலுத்து, உடலும் தாங்குமென்றால் அறுவை சிகிச்சையே சிறந்தது. சிறு துளைவழியே முடிச்சை எடுத்து, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே பரிசோதித்து, புற்றுநோயென்றால் அப்போதே மேலும் அகற்றலாம். முன்பு மடல் முழுவதையும் எடுப்பதே வழக்கம். ஆனால் நுரையீரலின் வெளிப்புறத்தில் 2 செ.மீ.க்குள் இருக்கும் ஆரம்பநிலைப் புற்றுக்குச் சிறு பகுதியை எடுத்தாலே போதும் என்பதை 2022இல் ஜப்பானிய ஆய்வும் 2023இல் அமெரிக்க ஆய்வும் காட்டின. அறுவையைத் தாங்க முடியாதவருக்குக் குறிவைத்துச் செலுத்தும் கதிர்வீச்சு உண்டு. அதில் முடிச்சு கைக்கு வராது, எனவே முடிந்தவரை முன்னதாகவே பயாப்சி செய்வது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பழைய ஸ்கேனைத் தேடி எடுங்கள். திடமான முடிச்சு 2 ஆண்டாக வளரவில்லையென்றால் பெரும்பாலும் ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. படங்களையே மருத்துவரிடம் கொடுங்கள்.