கைக்கு எட்டிய கொடிக்கம்பம்

தலைவர் ஒருவர் கொல்லப்பட்டால் சம்பந்தமில்லாதவர்கள் மேல் ஏன் கோபம் பாய்கிறது?
– வாசகர் ஒருவர், கீழ்பென்னாத்தூர்

கொன்றவர் கைக்கு எட்டமாட்டார். தெருமுனைக் கொடிக்கம்பம் எட்டும், ஐயா!

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியைக் கொன்ற விடுதலைப் புலிகள் இயக்கப் பெண் அங்கேயே குண்டோடு சிதறிப்போனாள். திட்டமிட்ட சிவராசன் ஆகஸ்டில்தான் பெங்களூரு அருகே பிணமாகச் சிக்கினார். இடைப்பட்ட ஆத்திரம் எங்கே போகும்? புலிகளிடம் பரிவு காட்டியதாகக் கருதப்பட்ட தி.மு.க.வின் கொடிக்கம்பங்கள் தமிழகமெங்கும் வெட்டிச் சாய்க்கப்பட்டன, கட்சி அலுவலகங்கள் தாக்கப்பட்டன. தி.மு.க. ஆட்சியோ ஜனவரியிலேயே கலைக்கப்பட்டிருந்தது! ஜூன் தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தவை 234-ல் 2 இடங்கள்.

முகாம்களில் இருந்த ஈழ அகதிகள், புலிகளுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் உட்பட, சந்தேகப் பார்வைக்கு ஆளானார்கள். கம்பமாவது மறுபடி நடப்பட்டது.

1984-ல் டெல்லியில் இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் இரு சீக்கியக் காவலர்கள். பலியான சீக்கியர்களோ ஆயிரக்கணக்கில். அங்கே கோபம் தானாகவும் பாயவில்லை. கும்பலைத் தூண்டியதற்காக முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு 2018-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது.