பச்சை ஹாப்ஸ் பீர் காய்ச்சப்போகும் தம்பிக்கு



வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் கொடிகள் கம்பியின் உச்சியைத் தொட்டுவிட்ட நேரம் இது. இன்னும் சில வாரத்தில் உன் பொறுப்பில் முதல் பச்சை ஹாப்ஸ் பீர் காய்ச்சப்போகிறாய். எந்த ரகம், எத்தனை கிலோ, எந்த மால்ட் என்று இப்போதே மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதற்கெல்லாம் முன்னால் வேறொரு கணக்கைப் போடச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் டேஸ்டிங் ரூமில் நான்கு வாரத்தில் எவ்வளவு பீர் தீரும் என்று பார். அந்த அளவுக்கு மட்டும் காய்ச்சு. இந்த பீரில் ஒரு கேன்கூட வெளியூர்க் கடைக்குப் போக வேண்டாம். சின்ன ஆலை, கையைக் கடிக்காமல் நடத்து என்ற அர்த்தத்தில் இதைச் சொல்லவில்லை. பச்சை ஹாப்ஸின் இயல்பையும் அது பீருக்குள் என்ன ஆகிறது என்பதையும் பார்த்தால் வேறு முடிவுக்கு வர முடியவில்லை.

கொடியிலிருந்து பறித்த ஹாப் பூவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வழக்கமாக அது நேரே உலர்த்தும் கூடத்துக்குப் போய், 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டுக் காற்றில் பல மணி நேரம் கிடந்து, ஈரம் சுமார் 10 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் மூட்டையாகிறது. அப்படி உலர்த்துவதால்தான் ஆண்டு முழுக்கக் கெடாமல் இருக்கிறது, பெல்லட்டாக அரைத்து உலகெங்கும் அனுப்ப முடிகிறது. அமெரிக்காவில் விளையும் ஹாப்ஸில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு வாஷிங்டன் மாநிலத்தில் விளைகிறது. அத்தனை பெரிய வணிகமும் இந்த உலர்த்தலை நம்பித்தான் நடக்கிறது. நீ செய்யப்போவது அந்தப் படியைத் தாண்டிக் குதிக்கும் வேலை. அறுவடை நாளில் ஒரு பூவை நீளவாக்கில் பிளந்து பார். இதழ்களின் அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பொடிதான் லுபுலின். கசப்புக்கான பிசினும் மணத்துக்கான எண்ணெயும் அதற்குள்தான் இருக்கின்றன. விரல்களுக்கிடையில் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும், சோப்புப் போட்டாலும் லேசில் விடாது. கேஸ்கேட், சிட்ரா போன்ற ரகங்களின் எண்ணெயில் பெரும்பங்கு மிர்சீன். அது சீக்கிரம் ஆவியாகிப் பறந்துவிடும் சரக்கு. உலர்த்தும் காற்று அதில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விடுகிறது. கொல்லையில் கிள்ளிப் போட்ட கறிவேப்பிலையையும் டப்பாவில் காய்ந்த கறிவேப்பிலையையும் தாளித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

பறந்துவிடக்கூடியது பூவுக்குள் இருக்கிறது என்றால், அது பறப்பதற்குள் நீ கொதிகலத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பச்சைப் பூவைக் குவித்து வைத்தால் சில மணி நேரத்தில் குவியலின் நடுவில் சூடு ஏறும், மணம் மாறத் தொடங்கும், பிறகு மக்கும். பறித்த 24 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்று இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்வது இதனால்தான். 1992இல் இங்கிலாந்தின் டிவைசஸ் ஊரில் வாட்வொர்த் ஆலை அறுவடைக் காலத்துப் பச்சை ஹாப்ஸில் ஒரு பீர் காய்ச்சியது. அந்தச் செய்தியை ஹாப்ஸ் வணிகர் ஜெரார்ட் லெம்மென்ஸ் கலிஃபோர்னியாவின் சீக்கோ ஊரில் இருக்கும் சியரா நெவாடா ஆலைக்காரர்களிடம் சொல்ல, 1996இல் அவர்கள் யாக்கிமாவிலிருந்து லாரியில் பச்சைப் பூவை வரவழைத்து ஹார்வெஸ்ட் ஏலைக் காய்ச்சினார்கள். அமெரிக்காவில் இந்த வகை பீருக்கு அதுதான் தொடக்கம் என்று சொல்கிறார்கள். லாரி ராத்திரியெல்லாம் ஓட வேண்டியிருந்தது. உனக்கு அந்தப் பாடு இல்லை. 1932இலிருந்து ஹாப்ஸ் பயிரிட்டுவரும் லாஃப்டஸ் குடும்பம், யாக்கிமாவுக்குப் பக்கத்தில் தங்கள் வயலுக்கு நடுவிலேயே 2013இல் பேல் பிரேக்கர் ஆலையைத் திறந்தது. வயலிலிருந்து கொதிகலத்துக்குச் சில நிமிஷ தூரம். பெரிய நகரத்து ஆலைகள் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத வசதி அது. உன் ஆலைக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

நீ கேட்கலாம்: சியரா நெவாடா அந்த பீரைப் பாட்டிலில் அடைத்து நாடு முழுக்க விற்றதே, அது மட்டும் எப்படிச் சரி? நியாயமான கேள்வி. அவர்களிடம் சொந்த ஆய்வுக்கூடம் இருந்தது, பாட்டிலுக்குள் ஆக்சிஜன் புகாமல் அடைக்கும் கருவியும் பழக்கமும் இருந்தன, தொலைதூர ஊர்களுக்கு வேகமாகச் சரக்கைக் கொண்டுசேர்க்கும் வலைப்பின்னல் இருந்தது. சின்ன ஆலையிடம் இவை இருக்காது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. பூவைச் சீக்கிரம் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பீருக்குள் போன பிறகும் அந்த மணம் கரைந்துகொண்டேதான் இருக்கிறது. மிர்சீன் போன்ற எண்ணெய்களைப் பாட்டில் மூடியின் உள்பூச்சு உறிஞ்சிக்கொள்ளும். மீந்திருக்கும் கொஞ்சம் ஆக்சிஜனும் வேலை செய்யும். கடைக்காரர் குளிர்பெட்டிக்கு வெளியே அலமாரியில் வைத்தால் வெப்பம் மணத்தை விரட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: ஹாப்ஸில் மாச்சர்க்கரையை உடைக்கும் நொதிகள் இயல்பாகவே இருக்கின்றன. உலர்த்தும் சூட்டில் அவை ஓரளவு அடங்கும். உலர்த்தாத பூவைக் குளிர்ந்த பீரில் போட்டால் அடங்காத நொதிகளையும் சேர்த்துப் போடுகிறாய். உடைந்த சர்க்கரையை உண்ண ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொள்ளும், கேனுக்குள் அழுத்தம் ஏறும், வெண்ணெய் வாடை வரும். மணத்துக்காகக் காய்ச்சிய பீர் இரண்டு மாதம் கழித்து வெறும் கசப்பாகவும் வாடிய புல்லாகவும் யாரோ ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், அவர் உன் ஆலையைத்தான் குறை சொல்வார். உலர்ந்த ஹாப்ஸில் காய்ச்சிய நல்ல ஐபிஏவும் நாள்பட்டால் மங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் காய்ச்சியதற்குக் காரணம் அந்தச் சில வாரத்து மணம் மட்டும் இல்லையே.

இனிக் கணக்குக்கு வருவோம். உலர்ந்த ஹாப்ஸ் 4 கிலோ போடும் இடத்தில் பச்சைப் பூ 20 கிலோ வரை தேவைப்படும். அதில் 15 லிட்டருக்கும் மேல் வெறும் தண்ணீர். ஈரமான பூவின் மொத்தை வொர்ட் எனும் மால்ட் சாற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பம்பை அடைக்கும். 1,000 லிட்டர் காய்ச்சினால் 900 லிட்டர் கையில் நின்றால் பெரிது என்று வைத்துக்கொள். 300 மில்லி கோப்பையாக ஊற்றினால் 3,000 கோப்பை. வியாழனிலிருந்து ஞாயிறு வரை வாரம் நான்கு நாள் அறை திறந்திருக்கும் என்றால் நான்கு வாரத்தில் 16 நாள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 190 கோப்பை, அதுவும் ஒரே குழாயிலிருந்து. உங்கள் அறையில் ஒரு நல்ல சனிக்கிழமை எத்தனை கோப்பை போகிறது என்று கல்லாப் பதிவைப் பார். அதற்கும் 190க்கும் பொருத்தமே இல்லையென்றால் காய்ச்சும் அளவைப் பாதியாக்கு. தொட்டியைப் பாதி நிரப்பினால் நஷ்டம் என்று ஆலை முதலாளி சொல்லுவார். விநியோகஸ்தருக்குப் போகும் பீப்பாயில் கிடைக்கும் தொகையையும், அதே பீப்பாயைக் கோப்பை கோப்பையாகச் சொந்த அறையில் விற்றால் கிடைக்கும் தொகையையும் ஒரே தாளில் எழுதி அவர் முன்னால் வை. பாதித் தொட்டியின் நஷ்டத்தைப் பெரும்பாலும் அந்த வித்தியாசமே ஈடுகட்டிவிடும்.

காய்ச்சும்போது கசப்பை மட்டும் பச்சைப் பூவிடம் விடாதே. வந்து இறங்கும் பூவில் கசப்புத் தரும் ஆல்ஃபா அமிலம் எவ்வளவு என்று சோதித்துப் பார்க்க உனக்கு நேரம் இருக்காது. முந்தைய ஆண்டுப் பெல்லட்டின் சீட்டில் அந்த எண் அச்சாகியிருக்கும், ஆகவே கொதியின் தொடக்கத்தில் அதையே போடு. பச்சைப் பூவை அடுப்பை அணைத்த பிறகு போடு. மால்ட் அடக்கமாக இருக்கட்டும். கேரமல் மால்ட்டை அள்ளிப் போட்டால் இத்தனை பாடும் அதன் இனிப்புக்குள் அமுங்கிவிடும். பச்சை ஹாப்ஸில் பில்ஸ்னரை அருமையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த லாகர் தொட்டியில் கிடக்கும் வாரங்களும் இந்த பீரின் ஆயுளிலிருந்துதான் கழிகின்றன. முதல் ஆண்டில் இரண்டு வாரத்தில் தயாராகும் வெளிர் ஏல் போதும். யாக்கிமாவில் 2003இலிருந்து நடக்கும் பச்சை ஹாப்ஸ் பீர்த் திருவிழா அக்டோபர்த் தொடக்கத்தில் வருவதைக் கவனி. செப்டம்பர் அறுவடையோடு இரண்டு மூன்று வாரம் கூட்டினால் அந்தத் தேதிதான் வருகிறது.

இதெல்லாம் விளம்பர வித்தை, உலர்ந்த ஹாப்ஸே மேல் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அனுபவமுள்ள சில ப்ரூவர்களே அப்படி நினைக்கிறார்கள், அவர்கள் வாதத்தில் வலு உண்டு. உலர்த்தினால் மணம் செறிகிறது, பச்சை இலை வாடை குறைகிறது, எந்த மூட்டை நல்லது என்று முகர்ந்து பொறுக்கவும் முடிகிறது. பச்சையில் பொறுக்க அவகாசமே இல்லை. 2020 செப்டம்பரில் நடந்ததுபோல் காட்டுத்தீப் புகை பள்ளத்தாக்கை மூடினால், புகை பூவில் ஏறியிருக்கிறதா என்பதை நீ முகர்ந்து மட்டும்தான் முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த ஆண்டு காய்ச்சாதே. பச்சை பீர் மேலானது என்று நானும் சொல்லமாட்டேன். அது வேறு மாதிரியானது, அந்த வேறுபாட்டை ருசித்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை குடிப்பவருக்கு உண்டு. அதற்கு டேஸ்டிங் ரூமைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஒரே வொர்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் பச்சைப் பூவும் இன்னொன்றில் அதே ரகத்தின் பெல்லட்டும் போடு. இரண்டையும் 120 மில்லி கோப்பைகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடு. எது எது என்று முதலில் சொல்லாதே. சிலர் பெல்லட்டையே விரும்புவார்கள். அதையும் பலகையில் எழுதிப் போடு. வந்தவர்கள் உன்னை நம்புவதற்கு அது வழி செய்யும்.

அந்த மாதத்து நிகழ்ச்சிகளையும் இந்தக் கண்ணோட்டத்தில் வகுத்துக்கொள். இசைக்குழு, உணவு வண்டி எல்லாம் வரட்டும், கூட்டம் வேண்டும்தான். ஆனால் நிகழ்ச்சியின் தேதியைப் பீப்பாய் திறக்கும் நாள் தீர்மானிக்கட்டும். முன்கூட்டியே சுவரொட்டி அடித்துவிட்டு பீரை அவசரப்படுத்தாதே. வயலில் சென்டெனியல் ஆகஸ்ட் கடைசியிலேயே முற்றும், வேறு ரகங்கள் செப்டம்பரில் தள்ளித் தள்ளி வரும். ஒரே பெரிய தொட்டிக்குப் பதிலாக இரண்டு சின்னத் தொட்டி, இரண்டு ரகம், இரண்டு திறப்பு நாள் என்று வைத்தால் மக்கள் மறுபடி வருவதற்கு உண்மையான காரணம் கிடைக்கும். குழாயின் மேல் ரகத்தின் பெயரோடு பண்ணையின் பெயர், பறித்த நாள், கொதிகலத்தில் போட்ட நேரம் எல்லாம் இருக்கட்டும். புதிதாக உலர்த்திய ஹாப்ஸில் காய்ச்சியதையும் பச்சை ஹாப்ஸ் பீர் என்ற பெயரிலேயே விற்கிறார்கள், அமெரிக்க ப்ரூவர்கள் சங்கத்தின் வகைப்பாடும் இரண்டையும் ஏற்கிறது. அதனால் உன்னுடையது உலர்த்தாத பூ என்று தெளிவாக எழுதிவிடு. பறிப்பு இயந்திரத்தில் இரவு ஷிஃப்ட் நின்றவர்களை ஒரு மாலை குடும்பத்தோடு அழைத்து உட்காரவை. அவர்கள் உழைப்பு என்ன ஆனது என்று ருசிக்க அவர்களுக்கு அந்த நான்கு வாரம்தான் உண்டு. அங்கே வருகிறவர்களில் அநேகம் பேர் கார் ஓட்டித் திரும்ப வேண்டியவர்கள் என்பதையும் மறக்காதே. சின்னக் கோப்பை, கேட்காமலே வைக்கும் தண்ணீர், பீர் தொடாதவர் குடிக்க உருப்படியாக ஏதாவது ஒன்று, இவை இல்லாமல் நிகழ்ச்சி நடத்தாதே.

திரவ நைட்ரஜனில் உறையவைத்த பச்சை ஹாப்ஸ் இப்போது புழக்கத்தில் இருக்கிறது, அதை வைத்து மார்ச்சிலும் காய்ச்சலாமே என்று யாராவது சொல்லலாம். பூவின் எண்ணெயைக் காப்பாற்ற அது நல்ல வழி, கற்றுக்கொள். ஆனால் பூவை உறையவைக்கலாம், காய்ச்சிய பீரின் நாள்களை நிறுத்த முடியாது. மார்ச்சில் காய்ச்சினாலும் நான்கு வாரக் கணக்கு அப்படியேதான் இருக்கும்.

அக்டோபர் முடியும்போது ஒன்றிரண்டு பீப்பாய் மீந்தால் குழாயிலிருந்து எடுத்துவிடு. நவம்பரில் ஊற்றி மிச்சத்தைத் தீர்க்க நினைக்காதே. மீந்த அளவைக் குறித்து வைத்துக்கொள், அடுத்த ஆண்டுத் தொட்டியை அதை வைத்துக் குறைக்கலாம். குறிப்பை எடுத்துக்கொண்டு ஜனவரியிலேயே பண்ணைக்காரரிடம் போ. அறுவடையின்போது அவர் இயந்திரம் பகலும் இரவும் ஓடும், உனக்காக 20 கிலோ பூவைத் தனியே எடுத்து வைப்பது அவருக்கு இடைஞ்சல்தான். செப்டம்பரில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொடி மண்ணுக்கடியில் உறங்கும் குளிர்காலத்தில் கேட்டால் எந்த வயல், எந்த வரிசை, எந்த இரவு என்று உட்கார்ந்து பேசுவார்.

அன்புடன்,
உன் அண்ணன்