மங்கலான டாஷ்போர்டு விளக்குகள்: பழைய எம்ஜிபி காரில் கோளாறு கண்டறியும் முறை

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி காரில், டாஷ்போர்டு விளக்குகள் புதிதாக இருந்தபோதே கண்ணைப் பறித்ததில்லை. ஸ்மித்ஸ் நிறுவன மீட்டர்களுக்குப் பின்னால் செருகப்படுவது 12 வோல்ட், 2.2 வாட் பல்ப். அதன் ஒளி நேராக முகப்பில் விழுவதில்லை. மீட்டர் கூட்டின் உட்சுவரில் பட்டுத் தெறித்தே எண்களை அடைகிறது. இரவில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து வேகமானியின் முள்ளும் எண்ணும் சிரமமின்றித் தெரிந்தால் விளக்குகள் சரியாக இருப்பதாகவே கொள்ளலாம். முள்ளைத் தேட வேண்டியிருந்தால் கோளாறு உண்டு.

அந்தக் கோளாறு பெரும்பாலும் பல்பில் இருப்பதில்லை. இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும்: 12 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 10.8 வோல்ட் கிடைத்தால் ஏறத்தாழ 30 சதவீத ஒளி போய்விடும். ஒரு 2.2 வாட் பல்ப் சுமார் 0.18 ஆம்பியர் இழுக்கிறது. ஐந்து பல்புகள் சேர்ந்தால் 0.9 ஆம்பியர். ஐந்துக்கும் பொதுவான ஓர் இணைப்பில் ஒரே ஒரு ஓம் தடை சேர்ந்தாலும் 0.9 வோல்ட் அங்கேயே வீணாகும். அதே தடை ஒரு பல்பின் தனி இணைப்பில் இருந்தால் இழப்பு 0.18 வோல்ட்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எல்லா மீட்டர்களும் ஒன்றுபோல் மங்கினால் பொதுவான பாதையையும், ஒன்று மட்டும் மங்கினால் அந்த மீட்டரின் பல்ப், ஹோல்டர், எர்த் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பின்வரும் வேலைக்கு ஒரு மல்டிமீட்டர், ஒரு துண்டு வயர், மெல்லிய உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர் ஆகியவை போதும்.

முதலில் பேட்டரி. எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவிலும், மிதமான வேகத்தில் ஓடும்போது 14 வோல்ட் அளவிலும் இருக்க வேண்டும். 1970-களின் நடுப்பகுதி வரை வந்த எம்ஜிபிகளில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்க்கும் கேபிளின் முனைகளை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால் அங்கே உப்புப் பூப்பது வழக்கம். 1967 வரையிலான டைனமோ கார்களில் எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது விளக்கு மங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பிரகாசமாவது இயல்பு. டைனமோ அந்த வேகத்தில் சார்ஜ் செய்யாது. அதைக் கோளாறாக எண்ணி டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டியதில்லை.

அடுத்தது டாஷ்போர்டிலுள்ள ஒளி குறைக்கும் ரியோஸ்டாட். மங்கலுக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். உள்ளே தடைக்கம்பிச் சுருளும் அதன்மேல் நகரும் ஒரு தொடுமுனையும் இருக்கின்றன. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்றால் இரண்டுக்கும் நடுவே களிம்பு படியும். சோதனை எளிது. லூகாஸ் நிறுவனத்தின் வயர் நிற ஒழுங்குப்படி ரியோஸ்டாட்டுக்கு வருவது சிவப்பு வயர், பக்கவிளக்குக்கு ஃபியூஸ் உள்ள பிந்தைய கார்களில் சிவப்பில் பச்சைக் கோடு. அதிலிருந்து பல்புகளுக்குப் போவது சிவப்பில் வெள்ளைக் கோடு. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு இரண்டு வயர்களையும் ரியோஸ்டாட்டிலிருந்து எடுத்து, துண்டு வயரால் ஒன்றோடொன்று இணைத்து, முனைகள் உலோகத்தில் படாதபடி காப்பு நாடா சுற்ற வேண்டும். பேட்டரியை மீண்டும் மாட்டி விளக்கைப் போட்டதும் மீட்டர்கள் பளிச்சென்று எரிந்தால் ரியோஸ்டாட்டே குற்றவாளி. கான்டாக்ட் கிளீனர் தெளித்து, குமிழை முனைக்கு முனை பல முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். சுருள் அறுந்திருந்தால் மாற்றலாம், அல்லது அந்த நேரடி இணைப்பையே நிரந்தரமாக்கலாம். இந்த மீட்டர்களின் ஒளியைக் குறைக்கும் தேவை அபூர்வம் என்பதால் பலர் இரண்டாம் வழியையே எடுக்கிறார்கள். அதில் தவறு இல்லை.

ரியோஸ்டாட் நல்லது என்று தெரிந்தால் எர்த்துக்குப் போக வேண்டும். விளக்குகளை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை மீட்டரின் உலோகக் கூட்டிலும் வைத்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அரை வோல்ட் காட்டினால், மீட்டரைப் பிடித்திருக்கும் தாங்கியில் மாட்டிய கறுப்பு வயரின் முனையைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்க வேண்டும். டாஷ்போர்டு இரும்புத்தகடுதானே, எர்த் தானாகக் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. அதன் மேலுள்ள தடித்த பெயின்ட் மின்சாரத்தை விடாது. இதே முறையில் பேட்டரியின் எர்த் அல்லாத முனைக்கும் ரியோஸ்டாட்டுக்கு வரும் வயருக்கும் இடையே அளந்தால் லைட் ஸ்விட்ச், ஃபியூஸ் பெட்டி, புல்லட் கனெக்டர்கள் எல்லாம் ஒரே அளவீட்டில் சோதிக்கப்பட்டுவிடும். இழப்பு அதிகம் என்றால் ஃபியூஸின் இரு முனைகளையும் அதைப் பிடிக்கும் பித்தளை நாக்குகளையும் சுத்தம் செய்வதில் தொடங்கலாம்.

பல்பை வெளியே எடுக்க, டாஷ்போர்டின் அடியில் கையை விட்டு மீட்டரின் பின்பக்கத்திலிருந்து ஹோல்டரை நேராக இழுத்தால் போதும். கண்ணாடியின் உள்புறம் கறுத்திருந்தால், இழையின் டங்ஸ்டன் ஆவியாகிப் படிந்திருக்கிறது. எரிந்தாலும் அதை மாற்ற வேண்டும். ஆயில் அழுத்தமும் தண்ணீர் வெப்பமும் சேர்ந்த இரட்டை மீட்டரின் அருகே மட்டும் அவசரம் கூடாது. அதிலிருந்து போகும் மெல்லிய செப்புக்குழாய் மடிந்தாலோ உடைந்தாலோ வெப்பமானி வீணாகிவிடும். பல்ப் செலவு மீட்டர் செலவாக மாறும். 2.2 வாட்டுக்குப் பதில் அதிக வாட் பல்ப் போடும் ஆசையும் வேண்டாம். சூடு ஏறி, மீட்டருக்குள் இருக்கும் நிற வடிகட்டியும் முகப்புப் பெயின்ட்டும் கெடும்.

இத்தனைக்கும் பிறகு மங்கல் நீடித்தால் மிஞ்சுவது மீட்டரின் உட்புறம். வெள்ளையடித்த சுவர் பழுப்பேறி ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடுகிறது. பேட்டரி இணைப்பு கழன்ற நிலையிலேயே மீட்டரை வெளியே எடுக்க வேண்டும். முன்வளையத்தை மெதுவாகத் திருப்பி, அதன் நாக்குகள் கூட்டின் வெட்டுகளுக்கு நேராக வந்ததும் கழற்றலாம். முள்ளையும் முகப்பையும் தொடாமல் உட்சுவருக்கு மட்டும் வெள்ளை பெயின்ட் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே மூட வேண்டும். முகப்பையே கழற்ற வேண்டியிருந்தால் மீட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது.

எல்இடி பல்ப் இதே ஹோல்டரில் பொருந்தும், சூடும் குறைவு. ஆனால் 1967 வரையிலான, பேட்டரியின் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருக்கும் (பாசிட்டிவ் எர்த்) கார்களுக்கு அந்த முறைக்கு ஏற்ற எல்இடியோ இருபுறமும் வேலை செய்யும் எல்இடியோ வாங்க வேண்டும். ரியோஸ்டாட் அதன் ஒளியைச் சீராகக் குறைக்காது. ஆல்டர்னேட்டர் உள்ள கார்களில் சிவப்பு இக்னிஷன் எச்சரிக்கை விளக்கை மட்டும் இழை பல்பாகவே விட்டுவைக்க வேண்டும். அதன் வழியே பாயும் மின்னோட்டத்தைக் கொண்டுதான் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்குகிறது.