மருந்து தெளித்த மரக்கறியும் காத்திருக்க வேண்டிய நாட்களும்

கடையில் விற்கப்படும் பிஸ்கற்றுப் பொதியிலும் பால்மாப் பொதியிலும் அடங்கியுள்ளவை எவை, நிறை எவ்வளவு, எந்நாளுக்கு முன் உண்ணவேண்டும் என்பன அச்சிடப்பட்டிருத்தல் வேண்டுமெனச் சட்டம் விதித்துள்ளது. வாங்குபவர் அதனை வாசித்து அறியலாம். கத்தரிக்காய்க்கும் பயற்றங்காய்க்கும் பெரும்பாலும் அவ்வாறான லேபல் எனும் சுட்டுத்துண்டு கிடையாது. சுன்னாகத்திலோ தம்புள்ளையிலோ பல தோட்டத்துக் காய்கள் ஒரே குவியலாகச் சேர்ந்தபின், எது எவருடைய தோட்டத்தது, அதன்மீது எந்நாளில் மருந்து பட்டது என்பதைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. அதனை அறிந்தவர் பயிரிட்ட கமக்காரர் ஒருவரே. ஆகவே மருந்துப் போத்தலில் ஒட்டப்பட்டுள்ள சுட்டுத்துண்டே அம்மரக்கறியின் சுட்டுத்துண்டுமாகும்.

அச்சுட்டுத்துண்டு சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் உள்ளது. அதில் எவ்வளவு நீருக்கு எவ்வளவு மருந்து என்னும் வரியை யாவரும் வாசிக்கின்றனர். கடைசியாகத் தெளித்த நாளிலிருந்து அறுவடை வரை எத்தனை நாட்கள் விடவேண்டும் என்னும் வரியை வாசிப்போர் சிலரே. அடியிலுள்ள நிறப்பட்டையைப் பார்த்து, “பச்சைப் பட்டைதானே, நாளைக்கே பறிக்கலாம்” எனக் கருதுவோரும் உளர். இது தவறு. நிறப்பட்டை காட்டுவது மருந்தைக் கையாள்பவருக்கு உடனே நேரக்கூடிய ஆபத்தின் அளவையாகும். காத்திருக்கும் நாட்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தெளித்த மருந்து வெயிலினாலும் மழையினாலும் பயிரின் உள்ளே நிகழும் மாற்றங்களினாலும் சிறிது சிறிதாகச் சிதைகின்றது. ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு மருந்து மூன்று நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றதெனக் கொண்டால், மூன்றாம் நாளில் அரைப்பங்கும், ஆறாம் நாளில் காற்பங்கும், ஒன்பதாம் நாளில் அரைக்காற்பங்கும் எஞ்சும். சொல்லிய அளவின் இருமடங்கைக் கலந்தவர் அதே அரைக்காற்பங்கை அடைவதற்கு மேலும் மூன்று நாட்கள் பொறுக்கவேண்டும். சுட்டுத்துண்டிற் கூறிய நாட்கள் அதிற் கூறிய அளவுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை இதனால் அறியலாம். இரண்டு மருந்துகளை அடுத்தடுத்துத் தெளித்திருப்பின், ஒவ்வொன்றுக்கும் உரிய நாட்களைத் தனித்தனியே எண்ணி, இரண்டும் முடிந்த பின்னரே பறித்தல் வேண்டும்.

கோவா, போன்று ஒரேமுறையில் வெட்டும் பயிர்களில் இவ்வொழுங்கைக் கடைப்பிடித்தல் எளிது. இடர்ப்பாடு உள்ளது கத்தரி, பயற்றை, வெண்டி, பாவல் முதலியவற்றிலேயாம். இவற்றைச் சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கவேண்டியிருப்பதால், பதினான்கு நாட்கள் காத்திருக்கச் சொல்லும் மருந்தைத் தெளித்தால் இரண்டு மூன்று பறிப்புகள் கைவிட்டுப்போகும். அந்நட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், குறைந்த விலைப் போத்தலிலும் மூன்று நாட்கள் மட்டும் காத்திருக்கச் சொல்லும் கூடிய விலைப் போத்தலே மலிவாகும். வாங்கும்போதே, இப்பயிருக்கு எத்தனை நாட்கள் என்று கடைக்காரரிடம் கேட்டு, சுட்டுத்துண்டிலும் பார்த்துக்கொள்க. தெளிக்கும் நாட் காலையில் விற்கத்தக்க காய்கள் யாவற்றையும், சற்று இளமையானவற்றையும் கூட, பறித்துவிட்டு மாலையில் தெளிக்கலாம். காத்திருக்கும் நாட்களில் முற்றும் காய்களைப் பறித்துப் புதைத்தல் வேண்டும், மாட்டுக்கும் இடலாகாது. கத்தரியில் புழு துளைத்து வாடிய நுனித்தண்டுகளை வாரந்தோறும் நறுக்கி அழித்துவரின், தெளிக்கும் தடவைகளே குறையும்.

விலை ஏறிய நாளில், வியாபாரியின் லொறி வாசலில் நிற்கும்போது, இவ்வொழுங்கு தளர்ந்துவிடுவதுண்டு. தம் வீட்டுக்கெனச் சில செடிகளை மருந்து படாமல் வைத்திருக்கும் கமக்காரரும் உளர். அவர்களுக்குக் காரணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

கழுவினால் நஞ்சு போய்விடும் என்பது பாதி உண்மையே. மேற்றோலிற் படிந்திருப்பதில் ஒரு பகுதி நீருடன் நீங்கும். பயிரின் சாற்றோடு கலந்து உட்பரவும் மருந்துகளைக் கழுவி அகற்ற முடியாது.

ஓர் உணவில் எஞ்சியிருக்கக்கூடிய நஞ்சின் உச்ச அளவு ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என வகுக்கப்படுகின்றது. உலக உணவு விவசாய நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டாக நடத்தும் கோடெக்ஸ் ஆணைக்குழு இவ்வளவுகளை வெளியிடுகின்றது. காத்திருக்கும் நாட்கள், எச்சம் இவ்வெல்லைக்குக் கீழே இறங்கும்படி கணிக்கப்பட்டவையாகும். உடல்நலத்துக்குத் தீங்கான பொருள் கலந்த உணவை விற்றல் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றமாகும். அதே ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், பதிவு செய்யப்படாத மருந்தின் விற்பனையைத் தடுக்கின்றது. மொனோகுரோட்டோபொஸ் 1995இலும் என்டோசல்பான் 1998இலும் விலக்கப்பட்டன. இவற்றின் பழைய போத்தல்கள் கொட்டிலின் மூலையிற் கிடப்பின், “வீணாகப் போகின்றதே” எனத் தோட்டத்திற் பயன்படுத்தற்க.

நெற்செய்கையாளருக்கும் ஒரு சொல். வயலுக்கு வாங்கி மிஞ்சிய மருந்தை வரம்போரத்துப் பயற்றைக்குத் தெளிப்பது பலரது வழக்கம். நெல்லுக்கென்றே சிபார்சு செய்யப்பட்ட மருந்தின் சுட்டுத்துண்டில் பயற்றைக்குரிய நாட்கள் குறிக்கப்பட்டிரா. ஆதலால் எத்தனை நாள் பொறுத்தாற் போதுமென அறிய வழியில்லை. அத்தகைய மருந்தை மரக்கறிக்கு உபயோகித்தலாகாது. மருந்து பூசிய விதைநெல் மிஞ்சினால் அதைக் குற்றி உண்பதும் கோழிக்கு இடுவதும் கூடா.

ஒரு கொப்பியில் தெளித்த திகதி, பாத்தி, மருந்தின் பெயர், அளவு, பறிக்கக்கூடிய முதல் நாள் ஆகிய ஐந்தையும் எழுதிவருக. வீட்டில் ஒருவர் தெளிக்க மற்றொருவர் பறிக்கும் இடங்களில், தெளித்த பாத்தியின் தலைப்பில் ஒரு தடியை நட்டுப் பறிக்கும் திகதியைக் கட்டித் தொங்கவிடலாம். சுட்டுத்துண்டு கிழிந்தோ அழிந்தோ போயிருப்பின், போத்தலை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் சென்று கேட்டறிந்த பின்னரே அதனைத் திறக்குக.